சிலிக்கானை அழுத்தி மாட்டலாமா?

மெக்கானிக்கல் வாட்ச்சில் ஹேர்ஸ்பிரிங்கை பேலன்ஸ் அச்சில் பிடித்து வைப்பது காலெட் எனும் குட்டி வளையம். பித்தளை காலெட் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். 2006-ல் படேக் பிலிப் அறிமுகப்படுத்திய ஸ்பைரோமேக்ஸ் மாதிரி சிலிக்கானில் செய்தால்? அது நெளியாது, 'டக்'னு உடைஞ்சிடும். அதனால் காலெட்டிலேயே மீள்தன்மையுள்ள கைகள் வைக்கணும்.

தோராயமாக நம்ம கான்டிலீவர் பீம்தான்! விலகல் மாறாமல், கையின் நீளத்தை மட்டும் 2 மடங்காக்குங்கள்: தகைவு நான்கில் ஒன்றாகும். அதோட நிறுத்திடாதீங்க, பிடிக்கும் விசையும் எட்டில் ஒன்றாகிவிடும். காலெட் அச்சில் வழுக்கினால் பீட் எரர் வரும். தடிமனையும் 2 மடங்காக்கிப் பாருங்கள்: தடிமனின் கனத்துக்கு ஏற்ப விசை ஏறுவதால் அது பழையபடி திரும்பும், தகைவு முதலில் இருந்ததில் பாதிதான். ஆனா அவ்வளவு நீளக் கையை அந்தக் குட்டி வளையத்துக்குள்ள எப்படி மடக்குவீங்க? வரைஞ்சு பாருங்க.