மின்னஞ்சல் மென்பொருளில் செய்தியோடைகள்: சேர்த்தலும் காத்தலும்

முன்னுரை

இணைய இதழ்களின் புதிய கட்டுரைகளை ஆய்வாளர் நாள்தோறும் தேடிச் செல்லாமல் தம்மிடமே வரப்பெறுவதற்குச் செய்தியோடை வழிசெய்கிறது. 1999இல் ஆர்.எஸ்.எஸ். என்னும் பெயரில் தோன்றிய இம்முறைக்கு மொசில்லா தண்டர்பேர்டு மின்னஞ்சல் மென்பொருளும் இடமளிக்கிறது. ஆய்வுத்தரவுகளைத் திரட்டுவதில் அதன் பயனையும் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஓடைகளைச் சேர்த்தலும் பகுத்தலும்

தண்டர்பேர்டில் ஓடைகளுக்கெனத் தனிக் கணக்கு தொடங்கி, ஓடையின் முகவரியை அதில் இடவேண்டும். அதன்பின் புதிய பதிவுகள் மின்னஞ்சல்களைப் போலவே வந்து சேரும். சங்க இலக்கியம், கல்வெட்டியல், நாட்டாரியல் எனக் கோப்புறைகள் அமைத்து ஓடைகளைப் பகுக்கலாம். ஒரு பதிவு இரு துறைகளுக்கும் உரியதாயின் குறிச்சொற்களால் அதனைச் சுட்டலாம்.

காத்தலின் எல்லை

2013 சூலையில் கூகுள் ரீடர் நிறுத்தப்பட்டமை, திரட்டியவற்றைப் பிறர் வழங்கியில் மட்டும் விட்டுவைப்பதன் இடரை உணர்த்தியது. தண்டர்பேர்டு பெறும் பதிவுகளோ ஆய்வாளரின் கணினியிலேயே தங்குகின்றன. எனினும் ஓடைகள் பெரும்பாலும் அண்மைப் பதிவுகளையே தாங்கிவருதலால், காலந்தாழ்த்திச் சேர்வோர்க்குப் பழையவை கிட்டா. சில ஓடைகள் சுருக்கத்தை மட்டுமே தருவன; மூலத்தளம் மறைந்தால் எஞ்சுவது தலைப்பும் சில வரிகளுமே. ஓபிஎம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்யினும் ஓடைகளின் முகவரிகளும் கோப்புறை அடுக்குமே காக்கப்படும். பதிவுகள் அதில் அடங்கா.

முடிவுரை

செய்தியோடை கட்டுரையின் வரவை அறிவிக்கும். அதன் நிலைபேற்றுக்கு உறுதி தராது. ஆகவே மேற்கோளுக்குரிய கட்டுரையை முழுவடிவில் தனியே சேமித்து, பார்வையிட்ட நாளையும் உடன் குறித்துவைத்தல் ஆய்வாளரின் கடனாகிறது.