கதைவழி ஆங்கிலம்

பிள்ளைகளுக்கு அயன்மொழியை எங்ஙனம் பயிற்றுவது? எழுத்தை முன்னும், சொல்லை அடுத்தும், வாக்கியத்தைப் பின்னும் வைத்துக் கற்பித்தலே முறையெனப் பலர் கருதுவர். தாய்மொழியை அவ்வாறு கற்றார் ஒருவருமிலர். தாய் கூறியதன் பொருளை முதலில் உணர்ந்தோம். பின்னரே சொல்லைப் பிரித்தறிந்தோம். எழுத்து அதன்பின் வந்தது. இவ்வியற்கை நெறிக்கு ஏற்ற கருவி கதையே என்பதை ஈண்டு ஆராய்வோம்.

தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கெனின், இம்முறைக்குத் தமிழ்நாட்டிலேயே தக்க சான்று உண்டு. இத்தாலியிற் பிறந்த வீரமாமுனிவர் (1680–1747), பேச்சுத்தமிழை அயல்நாட்டார் எளிதிற் கற்கும்பொருட்டுப் பரமார்த்த குரு கதையை இயற்றி, இலத்தீன் மொழிபெயர்ப்பும் சேர்த்தனர். 1822-ஆம் ஆண்டில் பெஞ்சமின் பாபிங்டன் என்பார் அதனை ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் பதிப்பித்தனர். இலக்கண நூல்கள் இயற்றிய முனிவரே, மொழியைப் பழக்குதற்கு நகைச்சுவைக் கதையைத் துணைக்கொண்டமை நோக்கத்தக்கது. அயலார் தமிழ் கற்க உதவிய வழி, நம் சிறார் ஆங்கிலம் கற்க உதவாதோ?

இவ்வழி பெரிதும் வேண்டப்படும் இடங்களுள் ஒன்று கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூர் வட்டாரம். கருநாடக எல்லையை ஒட்டிய இப்பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் வழங்குகின்றன. சிப்காட் தொழிற்பேட்டைகளை நாடி, ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களினின்றும் தொழிலாளர் வருகின்றனர். ஆகவே ஆசிரியர் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழிற் பொருள் கூறினால், சில பிள்ளைகளுக்கு அதுவும் மற்றோர் அயன்மொழியாகவே இருக்கும். விளங்காத பிள்ளை வாய் திறவாது. வாய் திறவாத பிள்ளையை மந்தமென்று ஒதுக்கிவிடுகிறோம். நாளை வேலை தேடிச் செல்லும்போது ஆங்கிலம் அறிந்தாரோடு அப்பிள்ளை போட்டியிடல் வேண்டும். ஆதலின் தொடக்க வகுப்பில் நேரும் இம்மௌனத்தைச் சிறு குறையென்று தள்ளுதல் தகாது.

காகமும் குடமும் என்னும் பழங்கதையை எடுத்துக்கொள்வோம். தமிழிற் காகம், தெலுங்கிற் காகி, கன்னடத்திற் காகெ, உருதுவிலும் இந்தியிலும் கவ்வா, ஆங்கிலத்தில் க்ரோ. இப்பெயர்களிலெல்லாம் அப்பறவையின் குரலே ஒலிக்கின்றது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுச் சொல்லைக் கூறும்போதே அச்சம் நீங்கும். ஆங்கிலச் சொல்லும் அவற்றோடு ஒன்றாய் அமையும்.

முதல் நாள், ஆசிரியர் ஒரு கண்ணாடிச் சாடியும் கூழாங்கற்களும் கொணர்ந்து, சிறு சிறு ஆங்கில வாக்கியங்களாற் கதையை நடித்துச் சொல்லுக. நீர் பாதியளவேனும் இருத்தல் நன்று. மிகக் குறைந்தால் கற்களின் இடுக்கிலேயே அடங்கிவிடும். “ஒன் மோர் ஸ்டோன்” என்று கூறிக் கல்லை இடுந்தோறும் பிள்ளைகளும் உடன் கூறுவர். கேட்டல், பேசல், எண்ணல் மூன்றும் ஒருங்கே நிகழும். இரண்டாம் நாள், கதையின் வாக்கியங்கள் எழுதிய அட்டைத் துண்டுகளைக் கலைத்து வைத்து, முறைப்படி அடுக்கச் செய்க, இது வாசிப்பு. மூன்றாம் நாள், படம் வரைந்து அதன்கீழ் ஒரு வாக்கியம் எழுதுவிக்க. நான்காம் நாள், “நீர் ஏன் ஏறிற்று? கல் கிடையாதாயின் காகம் யாது செய்யும்?” என வினவுக. விடையை வீட்டுமொழியிற் கூறினும் தடையில்லை. அம்மொழி ஆசிரியர்க்குத் தெரியாதாயின் உடனிருக்கும் பிள்ளை எடுத்துரைக்கும். ஆசிரியர் அதனை ஆங்கிலத்திற் சொல்லிக்காட்டித் திரும்பச் சொல்விக்க. ஐந்தாம் நாள் நாடகம்.

இவ்வினாக்களின் பயனை என். எஸ். பிரபு என்னும் கல்வியாளர் 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் நடத்திய ஆய்வால் அறியலாம். இலக்கணத்தை நேரே போதியாது, மாணவர் பொருளை நாடிச் செய்யும் செயல்களையே அவர் பாடமாக்கினார். செய்தி பரிமாறல், காரணம் ஆராய்தல், தன் கருத்துரைத்தல் எனச் செயல்களை மூவகைப்படுத்தினார். முற்றுப்பெறாத கதையை முடித்தல் மூன்றாம் வகையின்பாற்படும். எனினும் வகுப்பிற் பெரிதும் பயன்படுவது காரணம் ஆராய்தலே எனக் கண்டார். ஆதலின் “நீர் ஏன் ஏறிற்று?” என்னும் வினாவை விடற்க.

ஆசிரியர்க்கே ஆங்கிலம் சரளமாய் வாராதே எனின், ஒரு கதைக்கு இருபது வாக்கியம் போதும். முதல்நாள் இரவே அவற்றைப் பழகிக்கொள்ளலாம். பாடத்திட்டம் இடந்தருமோ எனின், செயல்வழிக் கற்றல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவியது; 2022-இல் எழுந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் ஆடல், பாடல், கதை ஆகியவற்றிற்கு இடந்தந்தது. அஞ்சத்தக்கது வேறொன்று: கதையை வினாவிடையாகச் சுருக்கி மனப்பாடம் செய்வித்தல். அங்ஙனஞ் செய்யின் கதை கெடும், மொழியும் வாராது.

இயேசுபெருமான் எளியோர்க்கு உவமைக் கதைகளாற் போதித்தார். விதைப்பவனையும் காணாமற்போன ஆட்டையும் கேட்டோர் மறந்திலர். நம் கல்லூரி மாணவருள் ஆசிரியத் தொழிலை மேற்கொள்வார், பள்ளிக்குச் செல்லுமுன் பத்துக் கதைகளையேனும் எளிய ஆங்கிலத்திற் சொல்லப் பழகுவாராக. எல்லைப்புற ஊர்களுக்குச் செல்வார், அவற்றோடு காகத்தின் பெயரை நான்கு மொழியிலும் அறிந்து செல்வாராக.