தண்ணீர் ஓடுகிற திசையில் கோடு போடு

அன்புள்ள மக்களே,

கூட்டாளிகள் நாலைந்து பேர் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் நம்ம ஊர்ப்பக்கத்தை, யாரும் வரையலாம், திருத்தலாம் என்கிற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் ஏற்றப்போகிறோம் என்று எழுதியிருந்தாய். படிக்கிற நேரத்தில் ஊர் சுற்றுகிறாளே என்று உன் அம்மைக்கு விசாரம். அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன். என் விசாரம் வேறு. ஏதாவதொரு ஹாலில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, செயற்கைக்கோள் படத்தின்மேல் கோடு இழுத்து, பிரியாணி தின்றுவிட்டுக் கலைந்துவிடுவீர்களோ என்பதுதான்.

நம்ம குமரி மாவட்டத்தில் அந்த வித்தை பாதிதான் பலிக்கும். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் ரப்பரும் தென்னையும் மூடிக் கிடக்கிறது. மேலிருந்து எடுத்த படத்தில் பச்சைதான் தெரியும். அதற்கடியில் ஆட்டோ மட்டும் நுழைகிற வழியும், அது முடிகிற இடத்தில் இருக்கிற வீடுகளும் நடந்துபோனால்தான் கிடைக்கும். வெட்டவெளியில் ஓரளவு சரியாகக் காட்டுகிற போன் ஜிபிஎஸ், மரத்தடியில் இன்னும் விலகும். ஒரே வழியை இரண்டு பேர் தனித்தனியாக நடந்து பதிவெடுத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கிழக்கே, நாஞ்சில் நாட்டில், சங்கதி வேறு. வயல் திறந்து கிடக்கிறது. கால்வாய் படத்திலேயே தெரியும். ஆனால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு விதி உண்டு, படித்திருப்பாய்: ஆறோ கால்வாயோ வரைந்தால் தண்ணீர் ஓடுகிற திசையில்தான் கோடு போட வேண்டும். அனந்தனார் கால்வாயிலோ தோவாளைக் கால்வாயிலோ பிரிகிற கிளை எந்தக் குளத்துக்குப் போகிறது, அந்தக் குளத்தின் மறுகால் எதில் விழுகிறது, எந்த மடை எந்த வயலுக்கு என்பதைப் படம் சொல்லாது. மண்வெட்டியோடு வரப்பில் நிற்கிறவரிடம் கேட்டால் ஒரே மூச்சில் சொல்வார். உங்கள் கூட்டத்தில் அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். கணினி தெரிந்தவர்கள் நாலு பேர், ஊர் தெரிந்தவர்கள் நாலு பேர் என்று சேர்ந்தால்தான் அது கூட்டம். அல்லாவிட்டால் அது கம்ப்யூட்டர் லேப்தான்.

ஸ்டீவ் கோஸ்ட் 2004-இல் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை இங்கிலாந்தில் தொடங்கினார். அங்கே அரசு வரைபடத்தை எடுத்தாளக் காசும் வேண்டும், அனுமதியும் வேண்டும் என்றிருந்த காலம். 2006 மே மாதம் வைட் தீவில் ஆட்கள் கூடி, கையில் ஜிபிஎஸ் கருவியோடு ஒரு வாரக்கடைசி முழுக்கச் சுற்றி அளந்தார்கள். மேப்பிங் பார்ட்டி என்ற வழக்கம் அங்கிருந்து பரவியதுதான். நம்ம பக்கத்தையும் ஒரு காலத்தில் அளந்திருக்கிறார்கள். வார்டு, கானர் என்ற இரண்டு லெப்டினன்ட்டுகள் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்து எழுதிவைத்தார்கள். அவர்களும் ஊராரிடம் கேட்காமல் எழுதியிருக்க முடியாது. ஆனால் அது ஆளுகிறவர்களுக்கான படம். ஊராருக்கு அதில் திருத்தம் போட வழியில்லை. உங்கள் படத்தில் போடலாம். பெரிய வித்தியாசம் அதுதான்.

இதனால் என்ன பிரயோஜனம் என்று அம்மை கேட்பாள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைக்காரர்கள் தண்ணீர் தேங்கிய தெருக்களை இந்த வரைபடத்தின் மேல்தான் குறித்தார்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள அரசே ‘மேப்பத்தான் கேரளம்’ என்று வரைபடம் போட மக்களைக் கூப்பிட்டது. ஆனால் அளந்து பேசு. 2017 ஓகிப் புயலில் கடலில் போனவர்களை எந்தத் தெருப்படமும் கொண்டுவந்திருக்காது. மரம் சாய்ந்து வழி அடைபட்ட ஊர்களுக்கு மாற்றுவழி எது என்று சொல்லியிருக்கும். அவ்வளவுதான், அதுவே போதும்.

போனைத் தூக்கிப் பிடித்து நடந்தால், “நாலுவழிச் சாலைக்கா அளக்கிய?” என்று கேட்பார்கள். நிலம் கொடுத்து நொந்த ஊர்கள் இருக்கிறது, கோபப்படாதே. நின்று, படத்தைத் திறந்து காட்டிப் பேசு. சர்வே எல்லை, வேலித் தகராறு பக்கமே போகாதே. வீட்டுக்காரர் பெயரையும் ஏற்றாதே. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு விதியைத் தளர்த்திய பிறகு, இந்தியர்கள் வரைபடம் போட முன் அனுமதி வேண்டியதில்லை. பாதுகாப்புத் துறை இடங்களை மட்டும் விட்டுவிடு. கூகுள் மேப்பைப் பார்த்து ஒரு பெயரைக்கூட எடுக்காதே. அது அவர்கள் சரக்கு.

பெயர் விஷயத்தில் கறாராக இரு. இங்கிலீஷிலிருந்து திருப்பி எழுதினால் இரணியல் ‘எரனியல்’ ஆகிவிடும். உள்ளூரில் எழுதுகிறபடி தமிழில் போடு. கேரள எல்லைப்பக்கம் மலையாளத்திலும் பெயர் வழங்கினால் அதற்கென்று உள்ள கட்டத்தில் அதையும் சேர். சுனாமிக்குப் பிறகு கட்டிய குடியிருப்புகளுக்கு வெளியாள் ஒரு பெயர் வைத்திருப்பான், அங்கே இருக்கிறவர்கள் வேறு சொல்வார்கள். இருக்கிறவர்கள் சொல்வதுதான் பெயர்.

இன்னொன்று. சான்றிதழ் தருகிறோம் என்று கல்லூரியில் நோட்டீஸ் ஒட்டாதே. சான்றிதழுக்கு வருகிற கூட்டம் ஒரே நாளில் நூறு கோடு கிறுக்கிவிட்டுப் போகும். திருத்த உங்களுக்கு ஒரு வருஷம் ஆகும். ஆறு பேர் போதும், மாசம் ஒரு தடவை போதும். காலையில் வெயில் ஏறும் முன் நடை, பிறகு யார் வீட்டுத் திண்ணையிலாவது ரசவடையும் சாயாவும், அன்றைக்கு எடுத்ததை அன்றைக்கே ஏற்றிவிடுவது. மறுநாளைக்கு வைத்தால் எந்தக் கலுங்கு எந்த ஊரில் பார்த்தது என்று மறந்துபோகும்.

விவேகானந்தர் பாறையை விட்டுவிடு, அதைக் குறிக்க உலகமே இருக்கிறது. சுசீந்திரம், தேரூர் குளங்களிலிருந்து தொடங்குங்கள். பேச்சிப்பாறை அணையை வழக்கமாக ஜூன் 1-ஆம் தேதி கன்னிப்பூ நெல் சாகுபடிக்குத் திறப்பார்கள். அதற்கு முன், கால்வாய் காய்ந்து மடையெல்லாம் வெளியே தெரியும்போது ஒரு நடை. தண்ணீர் வந்தபிறகு அதே கரையில் இன்னொரு நடை. முதல் நடைக்கு நானும் வருகிறேன், தேதியை மட்டும் சொல்.

அன்புடன்,
மாமா