கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள்

குடைராட்டினம் வேகமாகச் சுற்றும்போது கம்பியை விட்டால் என்ன ஆகும்? தூக்கி எறியப்படுவோம். விண்ணில் சுற்றுபவற்றுக்கும் இதே கதைதான். அங்கே பிடித்து வைக்கும் கம்பி, ஈர்ப்பு விசை.

சூரியனுக்குப் பக்கத்தில் உள்ள புதன் நொடிக்கு 47 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. தூரத்தில் உள்ள நெப்டியூனோ 5 கி.மீ.தான். தூரம் போகப் போக வேகம் குறையணும் இல்லையா?

அமெரிக்காவின் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்தை அளந்து 1970-ல் முடிவை வெளியிட்டார்கள். ஓரத்தில் வேகம் குறையவே இல்லை! அப்போ கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கு. அதுதான் கரும்பொருள். நாம் காணும் பொருளைப் போல ஐந்து மடங்கு இருக்கிறது. கறுப்பு நிறம் என்று நினைக்காதீங்க. அது ஒளியை விடுவதும் இல்லை, மறைப்பதும் இல்லை.

அது எந்தத் துகள்?

'ஸ்டாண்டர்ட் மாடல்' என்ற பட்டியலில் 17 அடிப்படைத் துகள்கள் உள்ளன. கடைசியாக 2012-ல் கிடைத்தது ஹிக்ஸ். இவற்றில் எதுவும் பொருந்தவில்லை. அதனால் விஞ்ஞானிகள் பட்டியலைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்கிறார்கள்.

1. ஒரே ஒரு புதுத் துகள்: இதுதான் ரொம்ப எளிய வழி. இது ஹிக்ஸோடு மட்டும் உறவு வைக்கும், ஒளியோடு வைக்காது. சிதையவும் சிதையாது.

2. ஆக்சியான்: மிக மிக லேசானது. வலிமையான காந்தப் புலத்தில் இது ஒளித்துகளாக மாறலாம். பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு சலவைத்தூளின் பெயர்!

3. மலட்டு நியூட்ரினோ: நியூட்ரினோவின் கனமான அண்ணன். எப்போதாவது சிதைந்து எக்ஸ் கதிர் தரலாம்.

அமெரிக்காவில் பழைய தங்கச் சுரங்கம் ஒன்றில், சுமார் ஒன்றரை கி.மீ. ஆழத்தில், 10 டன் திரவ செனானை வைத்துக் கனமான கரும்பொருள் துகள்களைத் தேடுகிறார்கள். இதுவரை சிக்கவில்லை.

"கிடைக்காத பொருளைப் பத்தி எதுக்கு எழுதுற?" என்று என் அண்ணன் கேலி செய்தான். நான் சொன்னேன்: "வீட்டில் சாவி தொலைஞ்சா, தேடிய இடத்தை விட்டுட்டு அடுத்த இடத்தைப் பார்க்கிறோமே? 'இங்கே இல்லை' என்பதும் ஒரு விடைதான்."

பாலோமர் வானாய்வகத்தில் முறைப்படி அனுமதி பெற்ற முதல் பெண் வேரா ரூபின். ஆண்டு 1965. மூன்றாம் பெஞ்சுத் தோழிகளே, அடுத்து யார்?

யோசிக்க: நியூட்ரினோவும் கண்ணுக்குத் தெரியாதே, அது ஏன் கரும்பொருள் இல்லை?
விடை: மிக லேசு, மிக வேகம். விண்மீன் மண்டலம் உருவாகும் அளவுக்கு ஓரிடத்தில் கூடி நிற்காது.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி