லெண்டும் பாரோவும்

நம் வியாபாரச் சகோதரர்கள் அடிக்கடி மாற்றி எழுதிவிடும் ஆங்கில வார்த்தைகள் இரண்டு: 'லெண்ட்', 'பாரோ'. தமிழில் இரண்டுக்கும் கடன் என்போம். கொடுத்தோமா, வாங்கினோமா என்பதே பேதம்.

பாலிங்கிலிருந்து ஒரு சமயம் பினாங்கு மொத்த வியாபாரி ஒருவருக்குக் கடிதம் எழுதினோம். அவரிடம் கைமாற்றாக வாங்கிய நூறு வெள்ளியைப் பற்றி எழுதுகையில், 'பாரோ' வரவேண்டிய இடத்தில் 'லெண்ட்' போட்டுவிட்டோம். வாங்கியவர் நாம், கடிதப்படி கடனாளி அவர்! நேரில் போய் மன்னிப்புக் கேட்டு வந்தோம்.

கொடுப்பது 'லெண்ட்', யாருக்கு என்பதற்கு 'டு' சேரும். வாங்குவது 'பாரோ', யாரிடமிருந்து என்பதற்கு 'பிரம்' சேரும். மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது எளிது: 'அக்ரள' என்றால் கடன் கொடுத்தான், 'இக்தரள' என்றால் கடன் வாங்கினான். மலாயில் கொடுப்பது 'பெரி பிஞ்சாம்', வாங்குவது 'பிஞ்சாம்'.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். தோட்டத்து மக்களுக்குப் பற்றுக்கணக்கில் அரிசி கொடுப்பது 'லெண்ட்' ஆகாது. அரிசிக்கு அரிசி திரும்பி வராது, விலைதான் வரும். ஆகவே 'கிரெடிட்'டில் விற்றதாகவே எழுதவேண்டும்.

கையெழுத்துப் போடுமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம்: கொடுத்த கை யாருடையது?