கணப்புக் கிராதி

பெங்களூரு கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. மார்கழி, தை மாதங்களில் இங்கு இரவுக் குளிர் மிகுதி. 1809இல் ஆங்கிலேயர் இங்குப் படைக் குடியிருப்பை அமைத்தனர். அதனைச் சுற்றித் தமிழர் பலர் குடியேறினர். 1898ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்குப் பின், நெரிசலற்ற வாழிடமாகப் பிரேசர் டவுன் உருவாயிற்று. 1906இல் அதற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. படைக் குடியிருப்பைச் சார்ந்த இப்பகுதிகளின் பழைய பங்களாக்கள் சிலவற்றில், குளிர்காயும் கணப்பும் அதனுள் வார்ப்பிரும்புக் கிராதியும் அமைந்திருந்தன.

கிராதியின் பயன் யாது? விறகு தரையிலேயே எரியும். நிலக்கரி நன்கு எரிய அடியிலிருந்து காற்று வரவேண்டும். கிராதியின் கம்பிகள் தணலைத் தாங்கும். இடைவெளி வழியே காற்று மேலேறும். சாம்பல் கீழே உதிரும். நம் பாட்டியர் பயன்படுத்திய குமுட்டி அடுப்பும் இவ்வாறே இயங்கியது.

தணலைத் தாங்கும் அடிக்கம்பிகளில் பொதுவாக அழகுவேலை இராது. முன்முகத்திலும் பின்தகட்டிலுமே இலை, பூமாலை, சிப்பி, கலசம் முதலியன இடம்பெறும். பின்தகடு சுவரைக் காப்பதோடு, வெப்பத்தை அறைக்குள்ளும் வீசும்.

இவ்வேலைப்பாடுகள் இரும்பில் செதுக்கப்பட்டவை அல்ல; வார்க்கப்பட்டவை. மரத்தில் செதுக்கிய மாதிரியை ஈரமணலில் பதித்து எடுப்பர். அப்பதிவில் உருகிய இரும்பை ஊற்றுவர். ஒரே மாதிரியைக்கொண்டு பல கிராதிகளை வார்க்கலாம். சுவாமிமலைச் சிற்பியரோ மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசிச் சுடுவர். மெழுகு உருகி வெளியேறிய இடத்தை உலோகம் நிரப்பும். ஆதலால் ஒரு மெழுகுருவிற்கு ஒரு படிமமே கிடைக்கும்.

பழைய வீடு இடிபடும்போது கிராதி எடைக்கு விற்கும் இரும்பாகிவிடுகிறது. வார்ப்பிரும்பு வளையாது, பலமாக அடிபட்டால் உடையும், உடைந்ததைப் பொருத்துவது கடினம். மர மாதிரி அழிந்த பின்னர், எஞ்சிய கிராதியையே மணலில் பதித்து மற்றொன்றை வார்க்க இயலும். ஆகவே, ஒன்றைக் காத்தால் பலவற்றைப் பெறலாம். கடைசி ஒன்றும் உருக்கப்பட்டால் அப்பூவேலை முற்றும் மறையும்.

சொற்பொருள்
கணப்பு – குளிர்காய மூட்டும் தீ, அதற்குரிய அடுப்பு
கிராதி – கம்பிச் சட்டம் (போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்த சொல்)
தணல் – கனன்று எரியும் நெருப்பு
படிமம் – உலோகச் சிலை

பயிற்சி
1. நிலக்கரி எரியக் கிராதி தேவைப்படுவது ஏன்?
2. மணல் வார்ப்பிற்கும் மெழுகு வார்ப்பிற்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
3. பிரித்து எழுதுக: வார்ப்பிரும்பு, மெழுகுரு.
4. உம் வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றின் பயனைப் பெரியோரிடம் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக.