வெள்ளம் வடிந்த பின்: படுவான்கரைத் துப்புரவு பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

இலங்கையில் எரிமலை இல்லை. ஆயினும் சாம்பல் மூடிய நகரத்தின் சபையும் சேறு மூடிய கிராமத்தின் சபையும் எதிர்கொள்ளும் கேள்விகள் ஒன்றுதான்: எதை முதலில் அகற்றுவது, அகற்றியதை எங்கே கொட்டுவது, எந்த வேலைக்கு யார் பொறுப்பு. மட்டக்களப்பு வாவியின் மேற்குப் புறமான படுவான்கரையில், போரதீவுப்பற்றுப் பிரதேச செயலகப் பிரிவில் உள்ள பழுகாமம், வாவிக்கும் வயல்வெளிக்கும் இடைப்பட்ட ஊர்களில் ஒன்று. வடகீழ்ப் பருவமழை வலுக்கும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் நவகிரிக் குளத்துப் பக்கமிருந்து இறங்கும் நீரும் வாவியில் ஏறும் நீரும் இப்பகுதியில் சந்திக்கின்றன. 1957 டிசம்பர்ப் பெருவெள்ளம், 900க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டு மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களில் ஏறக்குறைய 90 வீதத்தைச் சாய்த்த 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி, 2011 ஜனவரி வெள்ளம், 2025 நவம்பர் இறுதியில் நாட்டையே உலுக்கிய டித்வா புயல் என்று அனர்த்தங்களின் வரிசை நீளமானது. ஒவ்வொன்றின் பின்னும் துப்புரவு நடந்தது. துப்புரவைப் பற்றிய சில தவறான நம்பிக்கைகளும் அப்படியே நிலைத்தன.

“குப்பை அள்ளுவது சபையின் வேலை, சபை வரும்வரை காத்திருக்க வேண்டும்.”

இந்த நம்பிக்கையில் பாதி உண்மை உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 93ஆம், 94ஆம் பிரிவுகள், தெருக் குப்பையையும் வீட்டுக் குப்பையையும் அகற்றும் கடமையைப் பிரதேச சபையிடம் ஒப்படைப்பதோடு, சேகரித்த குப்பையைச் சபையின் உடைமையாகவும் ஆக்குகின்றன. ஆனால் வெள்ளத்துக்குப் பிந்திய ஊரில் குப்பை ஒரு பகுதி மட்டுமே. பிரதான வீதியில் விழுந்த மரம் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கோ மாகாண வீதித் திணைக்களத்துக்கோ உரியது. கிராமத்து உள்வீதி சபைக்கு உரியது. வாய்க்காலும் குளக்கட்டும் நீர்ப்பாசன, கமநலத் திணைக்களங்களுக்கு உரியவை. நிவாரணமும் சேத மதிப்பீடும் பிரதேச செயலாளர் ஊடாகவும், 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் இயங்கும் கட்டமைப்பின் ஊடாகவும் நடைபெறுகின்றன. இத்தனை கைகளுக்குப் பகிரப்பட்ட வேலையில், ஒரு மதகு, அதாவது வீதிக்குக் கீழே நீர் கடக்கும் சிறு பாலம், ஆற்றுவாழை என்னும் நீர்க்களையால் அடைபட்டுக் கிடக்கும்போது அதை எடுப்பது யார் என்ற கேள்வியிலேயே நாட்கள் கழிந்துவிடுகின்றன. உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்த 2023 மார்ச் முதல் 2025 மே மாதத் தேர்தல் வரை தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்களே இன்றிச் சபைகள் செயலாளர்களின் பொறுப்பில் இயங்கியதால், இக்கேள்வியை எடுத்துச் செல்வதற்கு வட்டாரத்து உறுப்பினர்கூட இல்லாத நிலை இருந்தது.

மக்கள் தம் பங்கை எந்த நேரத்தில் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தே சபையின் செலவும் அமைகிறது. இதற்குத் தெளிவான சான்று ஓர் எரிமலை நகரத்திலிருந்து கிடைக்கிறது. 1980 மே 18இல் அமெரிக்காவின் சென்ற் ஹெலன்ஸ் மலை வெடித்தபோது, அதற்குக் கிழக்கே ஏறத்தாழ 135 கிலோமீற்றர் தொலைவில் இருந்த யக்கிமா என்ற சிறு நகரத்தின் மீது சாம்பல் கொட்டியது; அதை அகற்றுவதற்கு 10 வாரங்களும் 22 இலட்சம் டொலரும் தேவைப்பட்டன. சாம்பல் விழுந்த ஊர்கள் பலவும் கற்ற பாடம் ஒன்று உண்டு. கூரைகளை முதலிலும் தெருக்களைப் பின்னரும் சுத்தம் செய்யாவிட்டால், துடைத்த தெருவில் மறுநாளே கூரைச் சாம்பல் வந்து விழும். ஒரே வேலைக்கு இருமுறை கூலி கொடுக்க நேரும். வெள்ளச் சேற்றுக்கும் இவ்வொழுங்கு பொருந்தும். சபையின் உழவு இயந்திரப் பெட்டி ஒரு வீதியைக் கடந்துபோன மறுநாள் அவ்வீதி வீடுகளிலிருந்து நனைந்த மெத்தையும் முளைவிட்ட நெல்மூட்டையும் வெளியே வருமாயின், அவை அடுத்த சுற்றுவரை, பல வேளைகளில் அடுத்த மழைவரை, அங்கேயே கிடக்கும். ஜப்பானின் ககோஷிமா நகரம், அருகிலுள்ள சகுராஜிமா எரிமலையின் சாம்பலுக்கென்றே குடும்பங்களுக்குத் தனிப் பைகளை வழங்கி, அவற்றை வைக்கவேண்டிய இடங்களையும் குறித்துக் கொடுத்திருக்கிறது. அத்தகைய ஏற்பாட்டுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. எந்த வீதிக்கு எந்த நாள் வண்டி வரும் என்ற அறிவித்தலைக் கோயில் ஒலிபெருக்கியில் இரண்டு நாட்களுக்கு முன்னர் சொல்லிவிட்டால் படுவான்கரையிலும் இது நடக்கும்.

“செத்த மாடுகளாலும் சடலங்களாலும் கொள்ளைநோய் பரவும்.”

உலகச் சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாக மறுத்துவரும் நம்பிக்கை இது. அனர்த்தத்தில் அடிபட்டோ நீரில் மூழ்கியோ இறந்தவர்களின் உடல்கள் பொதுவாகக் கொள்ளைநோயைத் தோற்றுவிப்பதில்லை. இந்த அச்சமும் சேர்ந்து உந்தியதாலேயே 2004 சுனாமியின் பின் பல உடல்கள் அடையாளம் காணப்படாமல் அவசர அவசரமாகக் கூட்டாகப் புதைக்கப்பட்டன. புதைத்த இடம் எதுவென்று அறியாத குடும்பங்களின் துயரம் இன்னும் ஆறவில்லை. வெள்ளத்தில் இறந்த மாடு, எருமைகளின் நிலை சற்று வேறு. அவை குடிநீரைக் கெடுக்கும் என்பதால் கிணறுகளிலிருந்தும் வாவிக் கரையிலிருந்தும் விலகிய மேட்டு நிலத்தில் ஆழமாகப் புதைக்கப்பட வேண்டும். வாவியில் தள்ளிவிடுவது அடுத்த ஊருக்குச் செய்யும் கேடு.

உண்மையான ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. எலி, மாடு, எருமை ஆகியவற்றின் சிறுநீரோடு வெளியேறும் பற்றீரியா, தேங்கிய நீரிலும் சேற்றிலும் இருந்து, காலில் உள்ள சிறு கீறல் வழியாக உடலுக்குள் புகுந்து எலிக்காய்ச்சலை உண்டாக்குகிறது. 2008இல் மட்டும் இலங்கையில் 7,000க்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாகியது. வயலில் வெறுங்காலோடு நிற்பவர்களே துப்புரவிலும் வெறுங்காலோடு இறங்குகிறார்கள் என்பதால், சிரமதானத்துக்கு ஆள் திரட்டுபவர் மண்வெட்டிக்கு முன்னர் காலணியையும் கையுறையையும் தேடவேண்டும். தடுப்பு மாத்திரை தேவையா என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டறிய வேண்டும். சேற்றில் நின்ற ஒருவருக்கு ஓரிரு வாரங்களின் பின் காய்ச்சலும் தசைநோவும் வந்தால், தாம் சேற்றில் வேலை செய்ததை அவர் வைத்தியரிடம் சொல்லியே ஆகவேண்டும்.

“கிணற்றை உடனே இறைத்து, ஒரு பிடி குளோரின் தூளைப் போட்டால் நீர் சுத்தமாகிவிடும்.”

துப்புரவில் மிகுந்த அக்கறையோடு செய்யப்படும் வேலையும் மிகுந்த தவறோடு செய்யப்படும் வேலையும் இதுவே. வெள்ளம் வடிந்த உடன் கிணற்றைச் சுற்றியுள்ள மண் நீரால் நிறைந்திருக்கும். அந்நிலையில் பம்பியைப் போட்டுக் கிணற்றை வேகமாக இறைத்தால், உள்ளே நீர் இறங்கிவிட, வெளியே ஊறிய மண்ணின் அழுத்தம் மட்டும் அப்படியே எஞ்சி நின்று, கல்லால் கட்டிய சுவரையும் கொங்கிறீற் வளையங்களையும் உள்நோக்கித் தள்ளும். கிணறே இடிந்து விழக்கூடும். வாவிக்கு அண்மையில் இன்னொரு கேடும் உண்டு. அங்கே நிலத்தடி நன்னீர், தன்னிலும் கனமான உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய படையாகவே நிற்கிறது. மேலே உள்ளதை அளவுக்கு மீறி இறைத்தால் கீழே உள்ள உவர்நீர் ஏறிவரும். 2004 சுனாமியின் பின் இலங்கைக் கரையோரத்தில் ஏறக்குறைய 40,000 கிணறுகள் கெட்டன. அவற்றை நல்லெண்ணத்தோடு மீண்டும் மீண்டும் இறைத்த இடங்களில் உப்பு எதிர்பார்த்தபடி குறையவில்லை என்பதைக் கிழக்கு மாகாணத்தில் நடந்த ஆய்வுகள் காட்டின. அவ்வுப்பைக் கழுவி இறக்குவதில் பெரும்பங்கு ஆற்றியது பருவமழை. பழுகாமத்தைச் சுனாமி அலை தொடவில்லை. எனினும் வாவிக்கு அண்மையிலுள்ள கிணறுகளை இறைப்பதில் இங்கும் அதே கவனம் வேண்டும்.

குளோரினைப் பற்றிய “ஒரு பிடி” கணக்கும் பிழையானது. 1.5 மீற்றர் விட்டமுள்ள கிணற்றில் நீர் 3 மீற்றர் ஆழம் நின்றால் அங்கே ஏறத்தாழ 5,300 லீற்றர் நீர் உண்டு. 1 மீற்றர் மட்டும் நின்றால் 1,800 லீற்றருக்கும் சற்றுக் குறைவு. இரண்டுக்கும் ஒரே பிடி போட்டால் ஒன்றில் கிருமி சாகாது, அல்லது மற்றதில் நீர் குடிக்க இயலாதபடி நாறும். கலங்கல் நீரில் உள்ள சேறும் அழுகிய இலையும் குளோரினைத் தாமே உட்கொண்டுவிடுவதால், முதலில் கலங்கல் தெளியவேண்டும். சென்ற ஆண்டு வாங்கி வெப்பத்திலும் ஈரத்திலும் கிடந்த தூள் தன் வலுவை இழந்திருக்கும். உப்பையும் வயலிலிருந்து கலந்த பூச்சிகொல்லியையும் எந்த அளவு குளோரினும் நீக்காது. ஆகவே நிலத்தடி நீர்மட்டம் இறங்கும்வரை பொறுத்து, கிணற்றின் அளவைக் குறித்துக்கொண்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லும் அளவில் தூளைக் கரைத்து ஊற்றி, குறைந்தது அரை மணிநேரம் நீரை அசையாமல் விட்டு, எஞ்சிய குளோரினை அளந்து பார்த்த பின்பே அந்நீரைக் குடிக்கத் தொடங்கலாம். அதுவரை சபையின் தாங்கி நீரோ கொதித்தாறிய நீரோ போதும். உப்பு, பூச்சிகொல்லி பற்றிய ஐயம் உள்ள கிணற்று நீரைக் கொதிக்கவைத்தாலும் பயனில்லை.

“எரித்தால் தீரும், பள்ளத்தில் போட்டால் மேடாகும்.”

வெள்ளக் கழிவு ஒரே இனத்தது அல்ல. ஆற்றுவாழையும் வாழைத்தண்டும் உரமாகும், தென்னங்குற்றி விறகாகும், சேறு தோட்டத்து மண்ணாகும். ஆனால் பூச்சிகொல்லிப் போத்தலும் வாகன மின்கலமும் பீவீசி குழாயும் அவற்றோடு ஒரே குவியலில் கலந்துவிட்டால் குவியல் முழுவதுமே நச்சுக் கழிவாகிவிடுகிறது. பீவீசியை எரிக்கும் புகை மூச்சுக்குழாயை அரிக்கும் அமிலத்தைக் கொண்டது. உடைந்த அஸ்பெஸ்டஸ் கூரைத் தகடு இவை எல்லாவற்றையும்விடக் கவனத்துக்குரியது. அதைச் சுத்தியலால் நொறுக்கிப் பள்ளம் நிரப்புவது பரவலான வழக்கம்; அப்போது எழும் நுண்ணிய இழைத்தூசு நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படக்கூடும். தகட்டை நீரால் நனைத்து, மேலும் உடைக்காமல் எடுத்து, தடித்த பொலித்தீனில் சுற்றித் தனியே வைக்கவேண்டும்.

பள்ளம் நிரப்புவது அடுத்த வெள்ளத்துக்கு வழிவிடும் செயல். மழைநீர் ஊரிலிருந்து வாவிக்குச் செல்லும் இயற்கைப் பாதையே அந்தப் பள்ளங்கள். இப்பகுதி விவசாயிகள் வடிச்சல் என்று சொல்வதும் அதையே. இடிபாட்டால் அதை மேடாக்கியவரின் வளவு தப்பும், அயலவரின் வளவில் நீர் நிற்கும். கொட்டும் இடம் முன்னரே தீர்மானிக்கப்படாதபோது குப்பை தானாகவே ஓர் இடத்தைத் தேடிக்கொள்கிறது என்பதற்கு, 2017 ஏப்ரல் 14இல் கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தது கொடிய சான்று. சென்ற் ஹெலன்ஸ் சாம்பல் பெய்த ஊர்கள் பழைய கல்குழிகளைக் கொட்டுமிடமாக்கி, சில இடங்களில் மேலே மண் பரப்பிப் புல் விதைத்தன. காற்று சாம்பலை மீண்டும் ஊருக்குள் கொண்டுவராமல் அது தடுத்தது.

சேதத்தை அதிகாரி பார்த்துப் பதியும்வரை எதையும் தொடக்கூடாது, தொட்டால் நட்டஈடு போய்விடும் என்ற நம்பிக்கையும் துப்புரவைத் தாமதிக்கச் செய்கிறது. நீர் நின்ற உயரம் தெரியும்படி சுவரையும் கெட்ட பொருட்களையும் படமெடுத்து, பட்டியல் எழுதி, கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்துவிட்டு வேலையைத் தொடங்குவதே முறை. டித்வா புயலின் பின் அரசாங்கம் வீட்டைச் சுத்தப்படுத்துவதற்கென்றே 25,000 ரூபா கொடுப்பனவை அறிவித்தது. துப்புரவும் நிவாரணத்தின் ஒரு பகுதியே என்று அரசு ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது.

இவை யாவும் மழைக்கு முன்னரே தீர்மானிக்கப்பட வேண்டியவை. தற்காலிகக் கொட்டுமிடம் எது, நச்சுக் கழிவைத் தனியே வைக்கும் இடம் எது, எந்த மதகை எந்தத் திணைக்களம் துப்புரவாக்கும், எந்தக் கிணறு எவ்வளவு ஆழம் என்ற நான்கு விபரங்களையும் போரதீவுப்பற்றுப் பிரதேச சபை, பிரதேச செயலகத்தோடும் சுகாதாரப் பணிமனையோடும் சேர்ந்து, ஒவ்வோர் ஆண்டும் புரட்டாதி முடியுமுன் வட்டாரம் வட்டாரமாக எழுதி அறிவிக்கவேண்டும். அறிவிக்காவிட்டால் ஊர்ச் சங்கங்கள் சபைக்குச் சென்று கேட்கவேண்டும்.